கிலோவுக்கு முப்பத்தொண்ணு

வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க. இப்படி செட்டுக்குள்ள வந்து உக்காருங்க. காரு சாவி இந்தாங்க. ஓட்டிப் பாக்கறதுன்னா ஓட்டிப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா, ரெண்டு வருசங்கூட ஆகல, கண்ணாடியாட்டம் வச்சிருக்கீங்க, எதுக்குங்க விக்கறீங்கன்னு கேட்டீங்க பாருங்க. போன வாரம் வந்தவரும் அதையேதான் கேட்டாரு. வயசாயிப்போச்சு, கண்ணு சரியாத் தெரியறதில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது பொய்யிங்க. கண்ணு நல்லாத்தான் தெரியுது. அவரும் நம்பல. வண்டியில என்னமோ கோளாறு, மறைக்கறான்னு நெனச்சுட்டுப் போயிட்டாரு. அதனால உங்ககிட்ட உள்ளதைச் சொல்லிப்போடறேன். வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. அதை மட்டும் மொதல்ல கேட்டுக்குங்க.

கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள என்ற சம்சாரம் படுத்திருக்கா.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. நூல் மில்லுல எலக்ட்ரிக்கல் போர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முப்பத்திரண்டு வருசம். எந்த மோட்டாரு எத்தனை கரண்டு இழுக்குதுன்னு சத்தத்தை வச்சே சொல்லிப்போடுவேன். ஆளில்லாத ரூம்புல லைட்டு எரிஞ்சா எனக்குப் பொறுக்காதுங்க. எங்க மேனேஜரு சொல்லுவாரு, நாச்சிமுத்து இருக்கற வரைக்கும் இந்த மில்லுல ஒரு யூனிட்டு வீணாப் போகாதுன்னு. அப்படியே பழகிட்டேன். அது தப்புங்களா? தப்பில்லைன்னுதான் நானு இப்பவும் நெனைக்கறேன்.

என்ற சம்சாரம் பேரு ராஜாமணி. ஏழு வருசத்துக்கு முன்னால முதுகுத்தண்டுல ஒரு கட்டி வந்து, ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. உசுரு தப்பிச்சுது. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயிருச்சு. மேல கையி ரெண்டும் நல்லா இருக்குது, பேச்சு நல்லா இருக்குது, நெனப்பெல்லாம் என்னை விட நல்லா இருக்குது. ஆனா முதுகு நிக்காதுங்க. சும்மா உக்கார வச்சா ஒரு பக்கமா சரிஞ்சிருவா. அதனால அவளுக்குன்னு அளவெடுத்து ஒரு வீல்சேரு செஞ்சு வாங்கினோம். கழுத்து வரைக்கும் சாய்மானம், ரெண்டு பக்கமும் அணை. நல்ல கனம். மடங்காது. மடங்கற சேருல அவளுக்கு முதுகு நிக்காதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு.

அப்ப என்கிட்ட ஒரு பழைய வேன் இருந்துச்சுங்க. பெட்ரோல் வண்டி. அதைப் பாத்தா சிரிப்பீங்க, பொட்டியாட்டம் இருக்கும். பின்னால இருந்த சீட்டை நானே கழட்டிப்போட்டேன். இரும்புத் தகடு ஒண்ணு வாங்கிக் கீல் வச்சுச் சாய்தளம் பண்ணினேன். தகட்டை எறக்கினா வீல்சேரு அப்படியே உருண்டு உள்ள போயிரும். சக்கரம் நாலுக்கும் நாலு கொக்கி. மாட்டிட்டா எத்தனை வேகத்துல போனாலும் அசையாது. மில்லுல இருந்து வந்து சாயங்காலம் சாயங்காலம் ஒக்காந்து பத்து நாள்ல முடிச்சேன். மொத நாள் அவளை ஏத்தி, கொக்கி மாட்டி, கதவைச் சாத்தறேன், உள்ள இருந்து சொல்றா, "ஏனுங்க, நான் இப்ப மகாராணியாட்டம் இருக்கறனுங்களா?"ன்னு. ஆபரேசனுக்கப்புறம் அவ சிரிச்சு நானு பாத்தது அன்னிக்குத்தான்.

அதுல ஏறி எங்க போவா? பவானிக்குத்தான். அங்க அவ அக்கா இருந்தாங்க, தனலட்சுமின்னு. ராஜாமணிக்கு ஆறு வயசுல அம்மா செத்துப் போயிட்டாங்க. அக்காதான் தலை சீவி விட்டு, சோறூட்டி வளத்தது. ஒரு ஞாயித்துக்கிழமை விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போவோம். இங்க கோபியில இருந்து நாப்பது கிலோமீட்டரு. போயி எறக்கி விட்டாப் போதும், அக்காளும் தங்கச்சியும் வாசல்ல ஒக்காந்துக்குவாங்க. இவ வீல்சேருல, அவங்க முக்காலி போட்டு எதுத்தாப்புல. முட்டியும் முட்டியும் இடிச்சுட்டு. அவரைக்கா உரிப்பாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க. அப்படி என்னத்தைச் சிரிப்பாங்களோ, நானு கேட்டதில்லை. உள்ள பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். சாயங்காலம் அக்கா இவளுக்குத் தலை சீவி, பூ வச்சு அனுப்பி வைப்பாங்க. அறுவது வயசுப் பொம்பளைக்குங்க.

இப்படிப் போயிட்டு இருந்துச்சு. அப்பத்தான் பெட்ரோலு ஏற ஆரம்பிச்சுது.

உங்களுக்கே தெரியும். எண்பதுங்கறான், தொண்ணூறுங்கறான், ஒருநா காலையில பேப்பரைப் பிரிச்சா நூறைத் தாண்டிருச்சு. நானோ ரிட்டயர்டு ஆனவன். வேனு லிட்டருக்குப் பதினொண்ணுதாங்க குடுக்கும். அதுவும் ஏசி போடாம. எனக்கு அது உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருந்துச்சு. ஓட்டும்போது வாயி சும்மா இருக்காது. கவுந்தப்பாடி தாண்டும்போது, "இந்நேரத்துக்கு ரெண்டு லிட்டரு போயிருச்சு பாரு"ம்பேன். பவானி வந்ததும், "இன்னிக்கு உங்கக்கா மூஞ்சியப் பாக்கறதுக்கு இத்தனை ரூவா"ம்பேன். வெளையாட்டுக்குத்தானுங்க சொல்றது. அவளும் சிரிப்பா. மொதல்ல சிரிச்சா. அப்புறமேட்டுக்கு சன்னல்ல பாத்துட்டு வருவா.

ஒருநா திரும்பி வரும்போது அவளே கேட்டா. "ஏனுங்க, நாம மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதுமில்லீங்க?" நானு ஒண்ணும் சொல்லல தம்பி. அவளாத்தான் சொன்னா. சரின்னு மாசத்துக்கு ஒருக்கா ஆச்சு. அப்புறம் ஒரு நாலு மாசம் கழிச்சு, அதுவும் அவளேதான், "இந்த வேனை வேணும்னா வித்துப்போடுங்களேன். நீங்க பெட்ரோல் போடற அன்னிக்கெல்லாம் ராத்திரி தூங்கறதில்லை"ன்னா.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அவளைக் கேக்காம நானு ஒண்ணும் செய்யல. பெங்களூருல இருக்கற என்ற மக சுகந்தி இன்னிக்கும் என்னைத்தான் குத்தம் சொல்றா. ராஜாமணியே வாயத் தொறந்து வித்துப்போடுங்கன்னா. நான்தான் கேட்டேன் என்ற ரெண்டு காதுல.

வித்துட்டேன். அப்புறம் என்ன வண்டி வாங்கறதுன்னு ரெண்டு மாசம் அலைஞ்சேன் பாருங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட அப்படி அலையல. பெட்ரோல் வேண்டாம். டீசல் முந்தி மலிவா இருந்துச்சு, இப்ப அதுவும் பெட்ரோலுக்குச் சமமா வந்து நின்னுருச்சு. பேட்டரி வண்டி பாத்தேன், நடுவழியில நின்னுட்டா யாரு தள்ளறது? கடைசியா இந்தக் கேஸ் வண்டி. ஷோரூம்காரரு சொன்னாரு, கிலோ கேஸுக்கு இருவத்தெட்டு கிலோமீட்டரு வரும்னு. நானு ஓட்டறதுக்கு முப்பத்தொண்ணு வருதுங்க. இப்பவும் வருது. நீங்க ஓட்டிப் பாத்தாலும் வரும், ஆக்சிலேட்டரைப் பூவாட்டம் மிதிக்கோணும், அவ்வளவுதான். சுகந்தி போன்ல சொல்லத்தான் சொன்னா. "அப்பா, கேஸ் வண்டியில டிக்கி முழுக்க சிலிண்டர் வந்துருமே, அம்மா சேரு எங்க வைப்பீங்க?"ன்னு. "நீ அங்க ஒக்காந்துட்டு இதெல்லாம் சொல்லாதே, எனக்குத் தெரியும்"னு வச்சுட்டேன். ஏங்க, சிலிண்டரு வரும்னு எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருசம் மெசினோட இருந்தவன். தெரியும். அப்ப அது ஒரு பெரிய விசயமாத் தெரியல. அதுதான்.

வண்டி வந்த அன்னிக்கு இந்த வாசல்லதான் நிறுத்தினேன். எலுமிச்சம்பழம் வச்சு, தேங்கா உடைச்சு, தெருக்காரங்க அத்தனை பேரும் வந்துட்டாங்க. ராஜாமணி வீல்சேருல அந்தக் கதவுகிட்ட இருந்தா. புதுச்சேலை கட்டியிருந்தா. நானு எல்லாருக்கும் டிக்கியத் தொறந்து காமிச்சேன். பாருங்க, இதுதான் சிலிண்டரு, ஒருக்கா ரொப்பினா இத்தனை கிலோமீட்டருன்னு வெளக்கமாச் சொல்லிட்டு இருக்கறேன். அவ தள்ளிட்டு மெதுவாக் கிட்ட வந்தா. எட்டிப் பாத்தா. எல்லாரும் இருக்கறாங்கங்காட்டி மெதுவாக் கேட்டா, "அப்ப என்ற சேரு எங்கீங்க வைக்கறது?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்"னேன்.

பாத்தோமுங்க. பாக்காம இல்லை. அடுத்த நாளே பின்சீட்டுல வச்சுப் பாத்தோம். கதவுல நுழையல. சக்கரத்தைக் கழட்டிட்டுச் சாய்ச்சு நுழைச்சேன், பாதி போச்சு, பக்கத்து அணையில இருந்த திருகு சீட்டு கவரைக் கிழிச்சுப்போட்டுது. புது சீட்டு கவருங்க. என்னை மீறிக் கத்திட்டேன். அவளைக் கத்தல, சேரைத்தான் கத்துனேன். அவ உள்ள படுக்கையில இருந்துட்டு, கிழியற சத்தத்தைக் கேட்டுச் சொல்றா, "விடுங்க, விடுங்க, கிழியுது பாருங்க, விட்டுருங்க"ன்னு. விட்டுட்டேன்.

மேல கேரியரு போட்டு அதுல கட்டிக்கலாம்னு ஒரு யோசனை. கடைக்கே போனேன். கேரியரு மாட்டறவரு நல்ல மனுசன், உள்ளதைச் சொன்னாரு. "மாட்டிக்கலாமுங்க, ஆனா காத்து புடிக்கும், மைலேஜு ரெண்டு மூணு கொறையும். சேரைக் கட்டிட்டா இன்னுங் கொறையும்"னாரு. முப்பத்தொண்ணு வர்ற வண்டியில இருவத்தெட்டு வந்தா, அப்புறம் எதுக்கு இந்த வண்டி வாங்கினேன்? அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு திரும்பி வந்துட்டேன். அடுத்த மாசம் அடுத்த மாசம்னு அது அப்படியே போயிருச்சு.

சேரு இல்லாம ஒருக்கா பவானி போனோமுங்க. அதையும் சொல்லிப்போடறேன். முன்சீட்டுல ஒக்கார வச்சு, சுத்தித் தலகாணி வச்சு, பெல்ட்டு போட்டுட்டேன். அங்க போயி நானே தூக்கிட்டுப் போயி அவங்கக்கா கட்டில்ல படுக்க வச்சேன். எனக்கும் அறுவத்துமூணு வயசு, மூச்சு வாங்கிருச்சு. அன்னிக்கு நாள் முழுக்க அவ படுத்த வாக்குலயே இருந்தா. வாசலுக்கு வரல. அக்கா பக்கத்துல ஒக்காந்து தலைய நீவிட்டு இருந்தாங்க. சிரிப்புச் சத்தம் கேக்கல. திரும்பி வந்து ரெண்டு நாள் கழிச்சு அக்கா எனக்குப் போன் பண்ணினாங்க. "மாப்பிள்ளை, அன்னிக்கு அவ காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, தெரியுங்களா? தண்ணி குடிச்சா உங்களைத் தூக்கச் சொல்லோணுமேன்னு குடிக்காமயே இருந்தா"ன்னாங்க. எனக்கு எப்படிங்க தெரியும்? தாகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் குடுத்திருப்பேன்.

அதுக்கப்புறம் அவளே சொல்லிட்டா, இனிமே அக்காகூட போன்ல பேசிக்கறேன்னு. தெனமும் பேசுவாங்க. நானு என்ன நெனச்சேன், இவளுக்கு வெளிய போறது அலுத்துப்போச்சு, வயசாகுதில்லன்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன் தம்பி.

வண்டிய சும்மா நிறுத்தக்கூடாதுங்களே. நானு ஓட்டினேன். பழனி போனேன், மேட்டூரு போனேன், மில்லுல கூட வேலை செஞ்சவங்க ஊட்டுக் கல்யாணம் காச்சி ஒண்ணு விடல. எங்க போனாலும் நானு மட்டும்தான். போயிட்டு வந்து அவகிட்டச் சொல்லுவேன், இன்னிக்கு முப்பது புள்ளி எட்டு, இன்னிக்கு முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுன்னு. அவ "அப்படீங்களா"ம்பா. சந்தோசமாத்தான் கேட்டுக்குவா.

போன தை மாசம் அவங்கக்கா தவறிட்டாங்க. காலையில எந்திரிச்சு வாசல் கூட்டிட்டு இருந்தவங்க அப்படியே ஒக்காந்துட்டாங்களாம். அவங்க மகன் சிவலிங்கம் போன் பண்ணினான். ராஜாமணி அழுகல. "என்னையக் கூட்டிட்டுப் போங்க"ன்னா. அவ்வளவுதான். அக்கா மேல பொறந்த ஊட்டுக் கோடிச்சேலை அவதானே போடோணும்? அவளை விட்டா அக்காளுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லை. "சேரு?"ன்னா. நாலு பேரு இருப்பாங்க, தூக்கிக்கலாம் வான்னேன்.

போற வழியில ஜவுளிக்கடையில நிறுத்திச் சேலை வாங்கினேன். மடியில வச்சுட்டா. எழவு ஊட்டுல சிவலிங்கமும் இன்னொருத்தரும் தூக்கி, பந்தலுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சேருல ஒக்கார வச்சாங்க. ஒக்கார வச்சதைப் பாத்துட்டுத்தான் நானு வெளிய வந்தேன். ஆம்பளைங்க எல்லாம் ரோட்டோரமா இருந்தாங்க. அப்ப அங்க ஒருத்தரு, அந்தியூருக்காரரு, புது வண்டி வாங்கறதா இருந்தவரு, என்ற காரைப் பாத்துட்டு, "கேஸ் வண்டிங்களா? எப்படிங்க குடுக்குது?"ன்னாரு. ஒருத்தரு கேக்கும்போது சொல்லாம இருக்க முடியுங்களா? சொன்னேன். இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. பெட்ரோல் வெல பத்திப் பேச்சு. எல்லாருக்கும் இருக்கற கஷ்டம்தானே. டிக்கியத் தொறந்து காமிச்சேன்.

சிவலிங்கத்தோட சம்சாரம் வந்து, "மாமா, சின்னத்தை உங்களைக் கூப்பிடறாங்க"ன்னுச்சு. வர்றேன்னு சொல்லு சாமின்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் வந்துச்சு. "மாமா, சின்னத்தை கூப்பிடறாங்க." இந்தா வந்துட்டேன்னேன். அந்தியூருக்காரரு ஒரு கணக்குக் கேட்டுட்டு இருந்தாரு, அதைப் பாதியில விட்டுட்டு வர முடியல. மூணாவது தடவை அந்தப் புள்ளை வரல. பந்தல்ல தப்பு மேளச் சத்தம் கேட்டுது. எடுக்கறாங்கன்னு ஓடுனேன்.

உள்ள என்ன நடந்துச்சுங்கறது எனக்கு அப்புறம் அந்தப் புள்ளை சொல்லித்தான் தெரியும். பிளாஸ்டிக் சேருல இவளுக்கு முதுகு நிக்கல. சரிஞ்சு சரிஞ்சு விழுகறா. யாரோ ஒரு பொம்பளை ஒரு துண்டை எடுத்து, இவளைச் சேரோட சேத்து மாருக்குக் குறுக்கால கட்டிட்டாங்க. நல்லதுக்குத்தான் கட்டினாங்க. ஆனா கட்டினதுக்கப்புறம் அவளால முன்னால சாய முடியல. அக்கா பொணம் ஒரு ஆறடி தள்ளி இருக்குது. அவளோட சேரா இருந்தா உருட்டிட்டுப் போயிருப்பா. "கொஞ்சம் கிட்ட நவுத்துங்க, அக்கா மூஞ்சியத் தொட்டுக்கறேன்"னு சொல்லியிருக்கறா. ஆளாளுக்கு ஒரு வேலை. தண்ணி கொண்டாரவங்க, பூ கொண்டாரவங்க. சத்தத்துல யாரு காதுலயும் விழுகல. கோடி போடற நேரம் வந்ததும் யாரோ இவ மடியில இருந்த சேலைய எடுத்துட்டுப் போயிப் போட்டுட்டாங்க. முறையெல்லாம் ஒண்ணும் கொறையலீங்க. சேலை நாம வாங்கினதுதான். போட்டது மட்டும் வேற கையி.

நானு உள்ள போறப்பப் பொணத்தைத் தூக்கிட்டாங்க. ராஜாமணி துண்டோட இருந்தா. நானு துண்டை அவுத்தேன். என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "பேசி முடிச்சுட்டீங்களா?"

காருல வரும்போது நானு எதாச்சும் சொல்லோணும்னு, "நல்ல சாவு, படுக்கையில கெடக்காமப் போயிட்டாங்க"ன்னேன். 

அப்பிருந்து அவ இந்தக் காருல ஏறல. சண்டை போடல, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கல. சோறு திங்கறா, டிவி பாக்கறா, எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னா மட்டும் "டாக்டரை வரச் சொல்லுங்க"ங்கறா. ஒரு மாசம் ஆன பொறவு ஒருநா காலையில, "நானு கூடுதுறைக்குப் போகோணும்"னா. பவானியில ஆறு கூடற எடம். அங்கதான் அக்கா சாம்பலைக் கரைச்சது. அதுக்கென்ன, போலாம், காருல ஏறுன்னேன். "காருல வரலீங்க"ன்னா. எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "அப்ப எதுல வருவே? ஏரோப்பிளேன் வரச் சொல்லட்டுமா?"ன்னேன். கத்தியிருக்கக் கூடாது. கத்திட்டேன். அவ, "சரி விடுங்க"ன்னுட்டா. நானும் அத்தோட மறந்துட்டேன்.

அது நடந்து ஒரு மாசம் கழிச்சு ஒரு புதன்கெழமை. கேஸ் ரொப்பறதுக்குப் போனேன். பவானி போற மெயின் ரோட்டுல ஒரு கேஸ் பங்குதான் இருக்குது, எப்பவும் வரிசை நிக்கும். ஒரு மணி நேரம் நின்னு ரொப்பிட்டுத் திரும்பி வந்துட்டு இருக்கறேன். எதுத்தாப்புல ஒரு லோடு வண்டி வருது. பாத்தா நம்ம கமால் வண்டி. எங்க தெருவுல வெங்காயம் தக்காளி விக்கறவரு, தெனமும் மைக்குல கூவிட்டு வருவாரு. இந்நேரத்துல இவரு எங்க பவானி ரோட்டுல போறாருன்னு நெனச்சேன். தாண்டிப் போச்சு. கண்ணாடியில பின்னால பாக்கறேன்.

லோடு ஏத்தற எடத்துல ராஜாமணி ஒக்காந்திருக்கறா தம்பி.

அவ சேருலயே. சேரை வண்டியோட சேத்துக் கயித்துல கட்டியிருக்குது. பக்கத்துல கமாலோட சம்சாரம் கம்பியப் புடிச்சுட்டு, இன்னொரு கையில சேரைப் புடிச்சுட்டு நிக்கறாங்க. சுத்தியும் காலி வெங்காயச் சாக்கு. அவ தலைமேல முந்தானையப் போட்டுட்டு, வந்த பக்கமாப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறா.

 வண்டியத் திருப்பி அவங்க பின்னாலயே போனேன். ஆரன் அடிக்கலாமா, முன்னால போயி மறிக்கலாமான்னு நெனச்சேன். முடியல. ஏன்னா அவ என்னையப் பாத்துட்டா. சேரு பின்பக்கம் பாத்தாப்புல இருக்குதுல்ல, நானு கிட்ட வந்ததும் நேருக்கு நேரா என்ற மூஞ்சிதான் அவளுக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவ. ஒரு பத்தடி தூரம் இருக்கும். அப்படியே கவுந்தப்பாடி, அப்படியே பவானி வரைக்கும். அவ கைய ஆட்டல. போங்கன்னும் சொல்லல, வாங்கன்னும் சொல்லல. வெயிலு மூஞ்சியில அடிக்குது, கண்ணைச் சுருக்கிட்டு என்னையவே பாத்துட்டு வந்தா. முப்பத்தாறு வருசம் ஆச்சுங்க கல்யாணமாயி. அத்தனை நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நாங்க பாத்ததே இல்லை.

மேடு பள்ளம் வந்தா சேரு குலுங்கும், அவ ஒரு பக்கம் சரிவா, அந்தம்மா நிமித்தி விடுவாங்க. நானு உள்ள ஒக்காந்துட்டு ஸ்டீரிங்கப் புடிச்சுட்டுப் பாத்துட்டே போனேன்.

கூடுதுறையில கமால் வண்டிய நிறுத்தி, பலகை போட்டு, ரெண்டு பேருமாச் சேரை எறக்கினாங்க. படிக்கட்டுக்கு மேல, நெழலா ஒரு எடம் இருக்குது, அங்க தள்ளிட்டுப் போயி நிறுத்தினாங்க. அவ கேட்டிருப்பா போல, ரெண்டு பேரும் தள்ளிப் போயிட்டாங்க. அவ தண்ணியப் பாத்துட்டு இருந்தா. எத்தனை நேரம் இருந்தான்னு தெரியல. நானு காருகிட்டயே நின்னேன். அப்புறம் பாத்தா, தோளு குலுங்குது. அக்கா செத்தன்னிக்கு அழுகாதவ.

கமாலு என்கிட்ட வந்தாரு. தப்பு பண்ணின மாதிரி நின்னாரு. "தப்பா நெனைக்காதீங்கண்ணா. ராஜாமணியக்கா ஒரு மாசமாக் கேட்டுட்டே இருந்தாங்க. இன்னிக்குத்தான் லோடு இல்லை"ன்னாரு. ஒரு மாசமா. ஊட்டு வாசல்ல தெனமும் ஒரு கிலோ வெங்காயம் வாங்கற பேருல அவருகிட்டக் கேட்டுட்டு இருந்திருக்கறா. ஊட்டுல பாதி மூட்டை வெங்காயம் இருந்துச்சுங்க. எதுக்கு இவ இத்தனை வெங்காயம் வாங்கறான்னு அவளை ரெண்டு தடவை திட்டியிருக்கறேன்.

நானு மெதுவா அவகிட்டப் போனேன்.  பக்கத்துல படியில ஒக்காந்தேன். அவ முந்தானையில மூஞ்சியத் தொடச்சுட்டா.  அப்புறம் என்ற பக்கம் திரும்பினா.

"நீங்க எதுக்குங்க இத்தனை தூரம் வந்தீங்க?"ன்னா. "வண்டி ரெண்டும் ஓடி, வீண் செலவு தானுங்களே."

குத்திக் காட்டலீங்க தம்பி. குத்திக் காட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். முப்பத்தாறு வருசமா அந்தக் குரல் எனக்குத் தெரியும். அவ நெசமாவேதான் கேட்டா.